சும்மா நிற்கிற படகு

நியூயோர்க்கில் ஒரு தீயணைப்புப் படகு இருக்கிறது. பெயர் 'த்ரீ ஃபோர்ட்டி த்ரீ'. 2010 இல் சேவைக்கு வந்தது. நீளம் 140 அடி, விலை ஏறத்தாழ 27 மில்லியன் அமெரிக்க டொலர். மன்ஹாட்டனின் மேற்குக் கரையில், ஹட்சன் ஆற்றில் கட்டி நிற்கும். அவ்வளவு பெரிய படகுக்கு ஏற்ற அளவில் ஒரு தீ வருவது அபூர்வம். வராத நாட்களில் அதில் இருக்கிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், பம்பை ஓடவிட்டுச் சோதிப்பார்கள், பயிற்சி எடுப்பார்கள், துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பார்கள்.

கணக்குப் பார்க்கிற ஆட்களுக்கு இப்படியான படகைக் கண்டால் எரிச்சல் வரும். "வருசத்தில எத்தினை தீ அணைச்சது? ஒரு தீக்கு எவ்வளவு செலவு? அந்தக் காசுக்கு எத்தினை தீயணைப்பு லொறி வாங்கலாம்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியே பிழையான இடத்தில் இருந்து கேட்கப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால், முதலில் அந்தப் படகு என்ன வேலைக்காகக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

பீரங்கியும் குழாய் வாயும்

தீயணைப்புப் படகு என்றதும் எங்கள் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். நடு ஆற்றில் நின்றுகொண்டு நாலு பக்கமும் வளைவு வளைவாகத் தண்ணீர் பீச்சும் படகு. சுதந்திர தினம், கப்பல் வரவேற்பு, ஏதாவது விழா என்றால் இப்படித்தான் அதைப் போட்டோ எடுப்பார்கள். அந்த நீர்ப் பீரங்கிகள் உண்மையிலேயே பயங்கரமானவைதான். த்ரீ ஃபோர்ட்டி த்ரீ முழு வேகத்தில் இறைத்தால் நிமிடத்துக்கு 50,000 கலன். லீற்றரில் சொன்னால் ஏறக்குறைய 189,000. ஒரு ஒலிம்பிக் நீச்சல் தடாகத்தை அது 13 நிமிடத்தில் காலி செய்துவிடும். நிமிடத்துக்கு 2,000 கலன் இறைக்கிற பெரிய தீயணைப்பு லொறிகளில் 25 ஐ வரிசையாக நிறுத்தினால்தான் இதற்குச் சரி வரும். லொறிக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. தெருவில் உள்ள குழாயில் தண்ணி வந்தால்தான் அது இறைக்கும். படகுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் வயிற்றுக்குக் கீழேயே ஆறு இருக்கிறது.

இவ்வளவு தண்ணீரை ஒரு பக்கம் பீச்சினால் படகு மறுபக்கம் தள்ளப்படும். துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கிற மாதிரி. அதனால் எஞ்சின்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும்: பம்பைச் சுற்றவும் வேண்டும், நீரோட்டத்தையும் இந்த உதைப்பையும் எதிர்த்துப் படகை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். வேகமும் வேண்டும். ஏனென்றால் தீ காத்திருக்காது. த்ரீ ஃபோர்ட்டி த்ரீயின் உச்ச வேகம் சுமார் 18 நொட், அதாவது மணிக்கு 33 கிலோமீற்றர். தரையில் இது ஒரு மோட்டார் சைக்கிளின் சோம்பேறி வேகம். ஆனால் தண்ணீரில், அந்தப் பருமனில் உள்ள ஒரு படகுக்கு இது நல்ல வேகம். ஒரு கப்பற் கட்டுமானப் பொறியியலாளருக்கு இதுதான் தலையிடி. வேகத்துக்கு ஒல்லியான, பாரமில்லாத உடல் வேண்டும். பம்புக்கும் நிலையாக நிற்பதற்கும் அகலமான, கனமான உடல் வேண்டும். மேலும் ஆழம் குறைந்த கரைக்கும் போகவேண்டும், அதனால் அடிப்பாகம் தண்ணீருக்குள் அதிகம் இறங்கக்கூடாது. கனடாவின் வன்கூவரில் உள்ள றொபேர்ட் அலன் நிறுவனம்தான் இந்தப் படகை வடிவமைத்தது. இழுவைப் படகு வடிவமைப்பில் அந்த நிறுவனத்துக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது.

2001 க்குப் பிறகு கட்டப்பட்ட படகு என்பதால் இதில் இன்னொன்றையும் சேர்த்தார்கள். இரசாயனப் புகை, நுண்ணுயிர், கதிர்வீச்சு என்று எது காற்றில் கலந்திருந்தாலும் உள்ளே இருக்கிறவர்கள் வேலை செய்யக்கூடிய மாதிரி, வடிகட்டிய காற்றை அழுத்தத்தோடு உள்ளே நிரப்பி வைக்கிற அறைகள். உள்ளே அழுத்தம் கூட என்பதால், சின்ன இடைவெளி இருந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர நஞ்சு உள்ளே வராது.

ஆனால் என்னைக் கேட்டால், இப்படியான படகில் முக்கியமான பாகம் பீரங்கியும் இல்லை, அந்த அறையும் இல்லை. மேற்தளத்தில் வரிசையாக இருக்கிற குழாய் வாய்கள். அவற்றில் பெரிய விட்டமுள்ள குழாய்களை மாட்டி, கரையில் நிற்கிற லொறிகளுக்குத் தண்ணீர் அனுப்பலாம். போட்டோவில் இவை தெரியாது, யாரும் கைதட்டவும் மாட்டார்கள். பீரங்கி எட்டுகிற தூரம் வரைதான் படகு ஒரு படகு. இந்தக் குழாயை மாட்டினால் ஆறு முழுக்க நகரத்துக்குள் வரும். நிலத்துக்கு அடியில் உள்ள குழாய் எல்லாம் உடைந்துபோன நாளில், படகுதான் அந்த நகரத்தின் குழாய்.

அப்படி ஒரு நாள் வருமா என்று கேட்பீர்கள். ஒரே அமெரிக்காவில் மட்டும் மூன்று தடவை வந்திருக்கிறது.

1906, 1989

1906 ஏப்ரல் 18 அதிகாலை சன் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. நிலம் ஆடி முடிந்தது ஒரு நிமிடத்துக்குள். பிறகு தீ மூன்று நாள் எரிந்தது. நகரத்தின் தீயணைப்புத் தலைவர் டெனிஸ் சலிவன் நிலநடுக்கத்திலேயே படுகாயமடைந்து சில நாட்களில் இறந்துபோனார். தலைவர் இல்லை என்பதைவிடப் பெரிய பிரச்சினை, குழாயில் தண்ணீர் இல்லை. பிரதான நீர்க்குழாய்கள் எல்லாம் உடைந்து கிடந்தன. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு நகரம் தண்ணீர் இல்லாமல் எரிந்தது. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. துறைமுகக் கரையோரம் மட்டும் பெரும்பாலும் தப்பியது. காரணம், கடற்படைப் படகுகளும் இழுவைப் படகுகளும் வந்து குடாவில் இருந்து தண்ணீரை இறைத்தன.

நகரம் பாடம் படித்தது. தீயணைப்புக்கென்றே தனியான உயர் அழுத்தக் குழாய் வலையமைப்பு ஒன்றைக் கட்டியது, அதோடு 1909 இல் இரண்டு தீயணைப்புப் படகுகளையும் வாங்கியது. ஒன்றுக்கு டெனிஸ் சலிவனின் பெயரையே வைத்தார்கள்.

பிறகு எண்பது வருடம் நகரம் அப்படி ஒரு நாளைக் காணவில்லை. எண்பது வருடம் என்பது மூன்று தலைமுறை. படகுகள் பழசாகின, 1950 களில் அவற்றின் இடத்துக்கு 'ஃபீனிக்ஸ்' என்ற ஒரே ஒரு படகு வந்தது. இரண்டு ஒன்றாகியது. இப்படித்தான் ஞாபகம் தேயும். ஒரு நாளும் யாரும் எழுந்து "இனி எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம்" என்று சொல்வதில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும்.

1989 ஒக்டோபர் 17, மாலை 5.04. மறுபடியும் நிலநடுக்கம். மரீனா என்ற பகுதி கடலோரத்தைத் தூர்த்து எடுத்த நிலத்தில் கட்டப்பட்டது. அந்த மண் ஆட்டத்தில் கூழாகி, அடியில் இருந்த குழாய்கள் உடைந்தன. தீ பிடித்தது. லொறிகள் வந்தன, குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் இல்லை. 1906 இன் கதை அப்படியே திரும்பி வந்து நின்றது. ஃபீனிக்ஸ் படகைக் கரைக்குக் கொண்டுவந்து, பெரிய விட்டமுள்ள குழாய்களைச் சுமந்து வந்த விசேட லொறிகளோடு சேர்த்து, கடல் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பினார்கள். தீ அந்தச் சில கட்டடங்களோடு நின்றது. அன்றைக்குக் காற்றும் பெரிதாக அடிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காற்று இல்லாத நாளில்கூடத் தீயை அணைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் வந்தது ஒரு படகில் இருந்து.

1990 இல் அந்த நகரத்துக்கு இரண்டாவது படகு வந்துவிட்டது, அதுவும் நன்கொடைக் காசில். 2016 இல் 'சென்ற் பிரான்சிஸ்' என்ற புதுப் படகு. 2020 மே மாதம் நகரத்தின் 45 ஆம் இலக்க இறங்குதுறையில் பெரிய தீ வந்தபோது, பக்கத்தில் கட்டியிருந்த இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல் 'ஜெரமையா ஓ'பிரையன்' தப்பியது அந்தப் படகால்தான்.

இப்போது அந்தக் கணக்குக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். 1988 இல் ஒரு கணக்காய்வாளர் ஃபீனிக்ஸின் பதிவேட்டை எடுத்துப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? "பயன்பாடு மிகக் குறைவு" என்றுதான். அவர் எழுதியதில் ஒரு பொய்யும் இருந்திருக்காது.

ஹார்வியின் கதையை நான் வாசிக்கிற விதம்

மூன்றாவது தடவை நியூயோர்க்கில். இந்தக் கதை கொஞ்சம் பிரபலமானது. மைரா கல்மன் என்ற ஓவியர் 2002 இல் இதைச் சிறுவர் படப்புத்தகமாகவே போட்டார்.

'ஜோன் ஜே. ஹார்வி' 1931 இல் கட்டப்பட்ட தீயணைப்புப் படகு. 1930 இல் ஜெர்மன் கப்பல் ஒன்றின் தீயை அணைக்கப் போய் வெடிப்பில் இறந்த ஒரு தீயணைப்புப் படகோட்டியின் பெயர் அது. 130 அடி நீளம், நிமிடத்துக்கு 18,000 கலன். அந்தக் காலத்தில் அது பெரிய விசயம். 1942 இல் 'நோர்மண்டி' எரிந்தபோது போனது, 1943 இல் 'எல் எஸ்தெரோ' என்ற வெடிமருந்துக் கப்பல் தீப்பிடித்தபோதும் போனது. பிந்தையது வெடித்திருந்தால் துறைமுகத்தின் ஒரு பகுதியே இருந்திருக்காது. 1990 களில் நகரம் அதற்கு ஓய்வு கொடுத்தது. 1999 இல் ஏலம் போட்டார்கள். பழைய இரும்புக்குப் போக வேண்டிய படகு. பழைய கப்பல்களில் பைத்தியமான சில நண்பர்கள் சேர்ந்து 28,010 டொலருக்கு எடுத்தார்கள். தாங்களே எஞ்சினைத் திருத்தி, ஞாயிற்றுக்கிழமை மாதிரியான நாட்களில் ஆட்களை ஏற்றி ஆற்றில் ஓடித் திரிந்தார்கள். பொழுதுபோக்குத்தான்.

2001 செப்டெம்பர் 11. கோபுரங்கள் விழுந்தபோது தெற்கு மன்ஹாட்டனின் நீர்க்குழாய்கள் நொறுங்கின. ஹைட்ரன்ட்டுகள் இடிபாட்டுக்குக் கீழே புதைந்தன. லொறிகள் நிற்கின்றன, ஆட்கள் நிற்கிறார்கள், தண்ணீர் இல்லை. அதே கதை. ஹார்வி முதலில் கரையில் நெருக்கிக்கொண்டு நின்ற சனத்தை ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டது. அப்போது தீயணைப்புத் திணைக்களத்திடம் இருந்து அழைப்பு வந்தது: ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து தண்ணி இறையுங்கோ. 70 வயதுப் படகு, சேவையில் இல்லாத படகு, தொண்டர்கள் ஓட்டுகிற படகு, சேவையில் இருந்த மற்றப் படகுகளோடு சேர்ந்து ஆற்று மதில் ஓரத்தில் நின்று 80 மணித்தியாலம் இறைத்தது.

இந்தக் கதையைச் சொல்லுகிற எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முடிப்பார்கள். ஓய்வு பெற்ற கிழட்டுப் படகு எழுந்து வந்து நகரத்தைக் காப்பாற்றியது. நல்ல கதை, சினிமாவுக்கு நல்லாப் பொருந்தும். ஆனால் எனக்கு இதை வாசிக்கும்போது வருவது பெருமை இல்லை, பயம். அந்த நாளில் அந்தத் தண்ணீர் கிடைத்ததில் நகரத்தின் திட்டத்துக்குப் பங்கு பாதிதான். மிச்சம், நாலைந்து பேருக்குப் பழைய எஞ்சினில் இருந்த ஆசை. 1999 ஏலத்தில் பழைய இரும்புக்காரர் கொஞ்சம் கூடக் கேட்டிருந்தால் ஹார்வி இரண்டு வருடத்துக்கு முதலே துண்டு துண்டாகப் போயிருக்கும். ஒரு நகரத்தின் பாதுகாப்பு ஏலத்தில் யார் கையைத் தூக்குகிறார்கள் என்பதில் தங்கியிருக்கக்கூடாது. ஹார்வியின் தொண்டர்களுக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் தகும். ஆனால் அவர்களைப் புகழ்கிற சாட்டில் அரசாங்கத்தை மறந்துவிடக்கூடாது. தொண்டர்கள் வீரர்களாக வேண்டி வந்த ஒவ்வொரு இடத்திலும், சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்ய யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

நகரமும் அதை விளங்கிக்கொண்டது போலத்தான் தெரிகிறது. த்ரீ ஃபோர்ட்டி த்ரீயும் அதன் இரட்டையான 'ஃபயர் ஃபைட்டர் 2' உம் அதற்குப் பிறகு கட்டப்பட்டவை. பெரும்பகுதிக் காசு மத்திய அரசின் துறைமுகப் பாதுகாப்பு நிதியில் இருந்து வந்தது. 343 என்பது அன்றைக்கு இறந்த நியூயோர்க் தீயணைப்புத் திணைக்களத்தினரின் எண்ணிக்கை.

எதிர்ப்பக்கம் சொல்வதும் முழுப் பிழை இல்லை

பெரிய படகுதான் எல்லாவற்றுக்கும் பதில் என்று சொன்னால் அதுவும் ஏமாற்று.

1940 டிசெம்பர் 29 இரவு லண்டன் மீது குண்டுமழை. நீர்க்குழாய்கள் உடைந்தன. தேம்ஸ் ஆறு இருக்கிறது, தீயணைப்புப் படகுகளும் இருக்கின்றன. ஆனால் அந்த நேரம் ஆற்றில் வற்று மிக மோசம். தண்ணீர் நடுவிலே, கரை வரைக்கும் சேறு. படகு இருந்தும் தண்ணீரைத் தெருவுக்குச் சேர்ப்பது பெரும் பாடாகியது. வற்று, பெருக்கு, ஆழம், கரையின் அமைப்பு எல்லாம் தெரியாமல் வாங்கிய படகு கண்காட்சிப் பொருள்தான்.

தண்ணீர் கூடினாலும் ஆபத்து. நோர்மண்டியைச் சொன்னேன் அல்லவா? பிரான்சின் பெரிய சொகுசுக் கப்பல். 1942 பெப்ரவரி 9, நியூயோர்க் இறங்குதுறையில் துருப்புக்கப்பலாக மாற்றிக்கொண்டிருக்கும்போது வெல்டிங் பொறி உயிர்காப்பு அங்கிக் குவியலில் பட்டுப் பிடித்தது. கரையில் இருந்தும் ஆற்றில் இருந்தும் தண்ணீரைக் கொட்டினார்கள். தீ அடங்கியது. ஆனால் மேல்தட்டுகளில் தேங்கிய தண்ணீரின் பாரத்தில் கப்பல் ஒரு பக்கம் சரிந்து, நள்ளிரவு தாண்டிக் கவிழ்ந்தது. தீயை வென்றார்கள், கப்பலை இழந்தார்கள். எவ்வளவு இறைக்கலாம் என்பதைவிட எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள் படகில் இருக்க வேண்டும். அந்த அறிவை 27 மில்லியன் கொடுத்தும் வாங்க முடியாது, பயிற்சியால்தான் வரும்.

மூன்றாவது, அன்றாட அழைப்புகளில் பல தீயே இல்லை. ஆற்றில் விழுந்த ஆள், கவிழ்ந்த சின்னப் படகு, கப்பலில் மாரடைப்பு. இதற்கெல்லாம் சின்ன, வேகமான படகுகள்தான் சரி. 2009 ஜனவரியில் ஒரு பயணிகள் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியதே, 155 பேரும் உயிர் தப்பினார்கள். அவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவை சாதாரண பயணிகள் சேவைப் படகுகள்தான். 2001 செப்டெம்பர் 11 அன்று ஏறத்தாழ 5 இலட்சம் பேரை மன்ஹாட்டனில் இருந்து வெளியே எடுத்ததும் பெரும்பாலும் பயணிகள் படகுகளும் இழுவைப் படகுகளும்தான். ஹார்வியின் எஞ்சினியராக வேலை செய்த பத்திரிகையாளர் ஜெசிக்கா டுலோங் இந்த வெளியேற்றத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். நியூயோர்க் தீயணைப்புத் திணைக்களமும் சின்ன வேகப் படகுகளை வைத்திருக்கத்தான் செய்கிறது.

அதனால் என் வாதம் "பெரிய படகு வாங்கு" என்பது இல்லை. ஆட்களைக் காப்பாற்ற எது தேவை, தண்ணீரைக் கொண்டுவர எது தேவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சின்னப் படகுகள் முதல் வேலையைச் செய்யும். இரண்டாவது வேலைக்கு, குழாய் உடைந்த நாளில் நகரத்துக்கு வேறு எங்கிருந்து தண்ணீர் வரும் என்ற கேள்விக்கு, ஏதோ ஒரு பதில் தயாராக இருக்கவேண்டும்.

எங்கட கரையில்

கடலில் தீ என்பது எங்களுக்கு அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. 2020 செப்டெம்பரில் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே எரிந்தது. உள்ளே ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய். எண்ணெய்த் தாங்கிகளில் தீ பரவாமல் தடுத்ததால் கிழக்குக் கரை தப்பியது. அடுத்த வருடம் மே மாதம் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்'. 1,486 கொள்கலன்கள், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம். நாள் கணக்கில் எரிந்து, ஜூன் மாதம் தாழ்ந்தது. கரை முழுக்க அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. செத்த ஆமைகளின் படங்களை மறந்திருக்க மாட்டீர்கள்.

இரண்டு தடவையும் துறைமுக இழுவைப் படகுகளும் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படைக் கப்பல்களும் சேர்ந்துதான் போராடின. கொழும்பில் ஒரு த்ரீ ஃபோர்ட்டி த்ரீ நின்றிருந்தால் எக்ஸ்பிரஸ் பேர்ள் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நகரத் தீயணைப்புப் படகு துறைமுகத்துக்கும் ஆற்றுக்கும் கட்டப்பட்டது. வெளிக்கடலில் கொள்கலனுக்குள் பற்றிய இரசாயனத் தீ வேறு விலங்கு. அந்தக் கப்பலின் விசயத்தில் அமிலம் கசிகிறது என்பது கொழும்புக்கு வர முதலே தெரிந்திருந்தது, கட்டாரிலும் இந்தியாவிலும் அந்தக் கொள்கலனை இறக்க மறுத்திருந்தார்கள். அங்கே தோற்றது தண்ணீர் மட்டும் இல்லை.

ஆனால் ஒரு விசயம் அப்படியே பொருந்தும். 2025 ஜூலையில் எங்கட உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல் தரப்பு 1 பில்லியன் டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் காசு வருகிறதோ இல்லையோ, ஒரு தீயின் விலை அந்த அளவில் இருக்கிறது. காத்து நிற்கிற ஒரு படகின் விலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

கையில் காசில்லாத நாடு 27 மில்லியன் டொலருக்குப் படகு வாங்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. தேவையும் இல்லை. உலகத்தில் பல துறைமுகங்கள் செய்கிற வழி வேறு. கப்பல்களைத் தள்ளி இழுக்கிற இழுவைப் படகிலேயே தீயணைப்புப் பம்பையும் பீரங்கியையும் பூட்டுவார்கள். கப்பற் தரநிறுவனங்கள் இதற்கு 'ஃபைஃபை 1' என்று ஒரு தரம் வைத்திருக்கின்றன. மணிக்கு 2,400 கனமீற்றர் தண்ணீர், இரண்டு பீரங்கி, 120 மீற்றர் தூரம் எட்ட வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 40,000 லீற்றர். த்ரீ ஃபோர்ட்டி த்ரீயின் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் அந்தப் படகு தினமும் உழைத்துக் காசு கொண்டுவரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தினமும் வேறு வேலை செய்கிற படகில், தீயணைப்புப் பம்ப் ஒரு நாளும் தொடப்படாத மூலையாக மாறும். வால்வு இறுகும், உப்புத் தண்ணீர் குழாயை அரிக்கும், பீரங்கியைத் திருப்பத் தெரிந்த ஆள் மாற்றலாகிப் போவார். காகிதத்தில் படகு இருக்கும், பீரங்கியும் இருக்கும். அதனால் கேட்க வேண்டியது "எங்களிட்ட எத்தினை படகு இருக்கு?" என்று இல்லை. "கடைசியாக எப்ப பம்பைப் போட்டுப் பார்த்தீங்கள்? கடைசியாக எப்ப கரையில நிக்கிற லொறிக்குக் குழாயைப் பூட்டிப் பார்த்தீங்கள்? படகுக் குழாயும் லொறிக் குழாயும் ஒண்டுக்கொண்டு பொருந்துமா?" என்று. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். அளவு பொருந்தாத ஒரு இணைப்பியால் முழு ஆறும் கரையில் நின்றுவிடும்.

எங்கட தலைமுறைக்கு இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். 2022 க்குப் பிறகு நாங்கள் கேட்டு வளர்கிற ஒரே பாசை செலவுக் குறைப்புத்தான். எதைத் தொட்டாலும் "இது பாவிக்கப்படுதா? இல்லையெண்டால் வெட்டு." வீண்செலவை வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பாவிக்கப்படாமல் இருப்பதற்காகவே வைத்திருக்கிற பொருட்கள் சில இருக்கின்றன. ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர், இரத்த வங்கியில் மேலதிகமாக நிற்கிற பைகள், சுனாமி எச்சரிக்கைக் கோபுரம். இவற்றை எத்தனை தடவை பாவித்தோம் என்று அளந்தால் எல்லாமே வீண்தான். இவற்றுக்கு வேறு அளவுகோல் வேண்டும்: இன்றைக்கு இரவு கூப்பிட்டால் வேலை செய்யுமா?

அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய மாதிரி வைத்திருப்பதுதான் அந்தப் படகில் இருக்கிறவர்களின் வேலை. எஞ்சினைப் பார்ப்பதும் பம்பை ஓடவிட்டுச் சோதிப்பதும் துருவைச் சுரண்டுவதும் அதற்குத்தான். ஆகவே அடுத்த முறை யாராவது ஒரு பட்டியலை நீட்டி "இது சும்மாதானே நிக்குது" என்று சொன்னால், அது நிற்கிற விதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பம்பைப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தால் அதை வெட்ட விடாதீர்கள். வராவிட்டால், அதைத் திருத்தும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.